மாமா தோற்ற போயா நாள்

என் மாமாவுக்குத் தெரிந்த பழமொழிகளில் ஒன்றைக்கூட நான் இங்கே எழுதப் போவதில்லை. பழமொழி ஒன்றைச் சொல்லிவிட்டால் எதிரில் இருக்கிறவர் தலையாட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார். சின்ன வயதில் அப்படித் தலையாட்டித் தலையாட்டி நான் நிறைய ஏமாந்திருக்கிறேன். கடையில் தின்ன ஒரு பனிஸ் வாங்கித் தரச் சொன்னால் ஒன்று சொல்வார். மழையில் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்றால் ஒன்று சொல்வார். சட்டென்று செய் என்பதற்கும் அவரிடம் ஒன்று இருந்தது, பொறுத்துச் செய் என்பதற்கும் ஒன்று இருந்தது. கேட்டால் இரண்டுமே அந்தக் காலத்துப் பெரியவர்கள் சொன்னது என்பார். அந்தப் பெரியவர்களுக்கு ஒரு பேச்சு கிடையாதா என்று கேட்டால் அதற்கும் ஒன்று சொல்வார். கோபம் வருமா, வராதா? எனக்கு வரும். இப்போது நினைத்தாலும் வருகிறது.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். தெரணியகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் காம்பராவுக்கு அடுத்த காம்பரா அவருடையது. அத்தை நான் பிறப்பதற்கு முன்பே இறந்துபோய்விட்டார். பிள்ளைகள் இல்லை. அம்மாவின் தங்கை, என் சித்தி, அவரோடு இருந்து சமைத்துப் போட்டாள். எனக்குத் தலை பின்னிவிடுவது சித்தி. பேன் பார்ப்பது சித்தி. அம்மா அடிக்க வந்தால் நான் ஓடி ஒளிவது சித்தியின் முதுகுக்குப் பின்னால். அதனால் சித்தி எங்கள் லயத்தின் சொத்து என்றும், அதில் பெரிய பங்கு எனக்கு என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பெண் கேட்டு வரும்போது ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பேச்சுக்காரரைப் பாயில் உட்கார வைப்பார்கள். மாப்பிள்ளை பக்கத்துக்காரர் பெண்ணைக் கேட்க வேண்டும். பெண் பக்கத்துக்காரர் தட்டிக்கழிக்க வேண்டும். இரண்டையும் பழமொழியில்தான் செய்ய வேண்டும். ஒருவர் சொன்னதற்கு மற்றவர் பதிலுக்கு ஒன்று சொல்வார். பதில் இல்லாமல் வாயை மூடியவர் தோற்றவர். பெண் பக்கத்துக்காரர் தோற்றால் உடனே தட்டு மாற்றிக்கொள்வார்கள். மாப்பிள்ளை பக்கத்துக்காரர் தோற்றால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, கொண்டுவந்த தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும். அதில் சண்டை வராது, ஒருவர் முகத்தை ஒருவர் முறிப்பதும் கிடையாது. அடுத்த வாரம் கோயிலில் பார்த்தால் பழையபடி பேசிக்கொள்வார்கள். பேச்சில் தோற்றார்கள், அவ்வளவுதான்.

பெண் பக்கத்துப் பேச்சுக்காரர் என்றால் எங்கள் பக்கத்தில் மாமாதான். பெண்ணைப் பெற்றவர்கள் வெற்றிலையோடு வந்து அவரை அழைப்பார்கள். நல்ல காரியத்துக்குப் போகிறவர் கூடவே ஒரு பெண்பிள்ளையையும் அழைத்துப் போக வேண்டும் என்பார்கள். அந்தப் பிள்ளை நான்தான். தலைக்கு எண்ணெய் வைத்து, பூப்போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, ரப்பர் மரங்களுக்கு நடுவே அவர் பின்னால் போவேன். போன இடத்தில் வடை கிடைக்கும். மற்றப் பிள்ளைகள் சினிமாப் பாட்டை மனப்பாடம் செய்த வயதில் நான் மாமாவின் பழமொழிகளை மனப்பாடம் செய்தேன். எதற்கு எது பதில், எதைச் சொன்னால் எதிராளி தடுமாறுவான் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

பாயில் உட்காருவதற்கு முன்னால் மாமா தவறாமல் ஒன்று செய்வார். தொண்டை காய்கிறது, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று நேரே அடுப்படிக்குப் போய்விடுவார். கொஞ்ச நேரம் கழித்துத் தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டே வருவார். பேச்சுக்காரருக்குத் தொண்டைதானே முதல் என்று நானும் நினைத்துக்கொள்வேன்.

நிறைய இடத்தில் ஜெயித்தார். ஒரு வீட்டில் அவர் ஜெயித்து மாப்பிள்ளை வீட்டார் வெளியே போனதும், அந்தப் பெண் அடுப்படியிலிருந்து ஓடிவந்து என் கை நிறைய தொதொல் இனிப்பைத் திணித்தாள். கல்யாணம் நின்றுபோன பெண்ணுக்கு எதற்கு இவ்வளவு சந்தோஷம் என்று யோசித்துக்கொண்டே தின்றேன். சில இடத்தில் தோற்பார். அப்படி ஒருநாள் தோற்றுவிட்டு வரும்போது வழியெல்லாம் நான் அழுதேன். இத்தனைக்கும் எதிராளி சொன்னதற்குப் பதில் எனக்கே தெரியும். மாமாவுக்கு அது ஞாபகம் வரவில்லை. வயதாகிறது, மறந்துபோகிறது என்று நான் முடிவு செய்தேன். அவர் பஜாரில் சீனி தூவின ஒரு கிம்புலா பனிஸ் வாங்கிக் கொடுத்து என் வாயை அடைத்தார்.

இப்படியிருக்கும்போது சித்தியையே கேட்டு ஒரு கூட்டம் வருகிறது என்று சொன்னார்கள்.

மாப்பிள்ளை புளத்கொகுபிட்டியவில் ஆட்டோ ஓட்டுகிறவர். கோயில் திருவிழாவுக்குப் போனபோது மழையில் மாட்டிக்கொண்ட எங்களை அவர்தான் பஸ் நிற்கிற இடம்வரை கொண்டுவந்து விட்டார். அன்றைக்கு அவர் ஆட்டோவில் பாட்டு ரொம்பச் சத்தமாக இருந்தது. நான் குறைக்கச் சொன்னேன், அவர் குறைக்கவில்லை. சித்தி சொன்னாள், உடனே குறைத்தார். அப்போதே எனக்கு அந்த ஆளைப் பிடிக்காமல் போய்விட்டது.

சித்தியிடம், நீ ஒன்றும் பயப்படாதே, மாமா இருக்கிறார் என்று தைரியம் சொன்னேன். அவள் என் தலையைப் பின்னிக்கொண்டே, ஆமா, அதான் பயமா இருக்கு என்றாள். எனக்கு அது விளங்கவில்லை. விளங்காததை எல்லாம் நான் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. லயத்துப் பிள்ளைகளிடம் போய், எங்கள் மாமா அவர்களை ஓட ஓட விரட்டப் போகிறார் என்று சொல்லி வைத்தேன்.

பௌர்ணமிக்கு விடுகிற போயா விடுமுறை அன்றைக்கு வந்தார்கள். காலையிலிருந்து மழை. பெரிய ரோட்டிலிருந்து எங்கள் லயத்துக்கு வர ரப்பர் மலைக்குள் நடந்துதான் வர வேண்டும். அந்த மலையில் இரத்தம் குடிக்கிற அட்டை எவ்வளவு என்று எங்களைக் கேட்டால் தெரியும். நாங்கள் குளிக்கிற சவர்க்காரத்தைக் காலில் தேய்த்துக்கொண்டு இறங்குவோம். அவர்கள் பட்டுப்புடவையும் வேட்டியுமாக, காலில் ஒன்றும் தடவாமல் வந்துவிட்டார்கள். இஸ்தோப்புத் திண்ணையில் ஏறியதும் அப்பா சுண்ணாம்பு டப்பாவோடு ஓடினார். மாப்பிள்ளையின் பெரியப்பாதான் அவர்கள் பக்கத்துப் பேச்சுக்காரர். அவர் காலிலிருந்து மூன்று நான்கு அட்டையைப் பிய்த்துப் போட்ட பிறகும் எங்கேயோ ஒன்று மிச்சம் இருப்பதுபோல அவர் நெளிந்துகொண்டே இருந்தார். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் ஒன்றும் சொல்லாமல் புடவையை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

எங்கள் காம்பராவில்தான் பாய் விரித்திருந்தது. நடுவில் தட்டு, பக்கத்தில் சொம்பு நிறையத் தண்ணீர். மாமா வந்து எல்லாரையும் கும்பிட்டார். தொண்டை காய்கிறது என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வந்தார். நான் சுவரோரம் வசதியாக உட்கார்ந்துகொண்டேன்.

பெரியப்பா ஆரம்பித்தார். வயது வந்த பெண்ணை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று சொல்கிற பழமொழி. பேசத் தெரியாதவர்கள் எல்லாரும் எடுத்தவுடன் அதைத்தான் எடுப்பார்கள். மாமா அதை ஒரே தட்டாகத் தட்டுவார் என்று பார்த்தேன். அவர் ரொம்ப மென்மையாக, வீட்டுக்குப் பெண் எவ்வளவு அழகு என்கிற மாதிரி ஒன்றைச் சொன்னார். அதற்குப் பதில் சொல்ல யாருக்கும் முடியும். அடுத்து பெரியப்பா ஒரு பழமொழியின் தலையையும் இன்னொன்றின் வாலையும் ஒட்டி ஒன்றைச் சொன்னார். முன்பாதி மாட்டைப் பற்றியது, பின்பாதி மழையைப் பற்றியது. வேறு வீடாக இருந்தால் மாமா அந்த இடத்திலேயே ஆளை முடித்திருப்பார். அன்றைக்கு, ஆமாங்க, ரொம்பச் சரி என்று தலையாட்டினார்.

பெரியப்பாவுக்குத் தமிழில் சரக்கு தீர்ந்துபோனது. சிங்களத்தில் ஒன்றைச் சொன்னார். அவர் வரக்காப்பொல கடைவீதியில் வளர்ந்தவராம். சிங்களப் பழமொழி செல்லாது என்று மாமா முன்பு ஒரு வீட்டில் அடித்துப் பேசியதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். அந்த மாமா இப்போது சொன்னார்:

"மனுசன் சொன்னதுதானுங்களே. எந்தப் பாசையில சொன்னா என்ன?"

எனக்குக் கொதித்தது. இவருக்கு என்ன வந்துவிட்டது? காய்ச்சலா?

அந்தத் தைரியத்தில் பெரியப்பா கடைசியாக ஒன்றைச் சொன்னார். இரண்டு குடும்பம் சேர்ந்தால் பலம் என்று சொல்கிற ஒரு சாதாரணப் பழமொழி. மாமா கூரைத் தகரத்தைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். பேசவில்லை. அம்மா தட்டின் பக்கம் கையை நீட்டினாள். அப்பா சிரிக்க ஆரம்பித்தார்.

அதற்குப் பதில் எனக்குத் தெரியும். அவசரத்தில் செய்த சம்பந்தம் என்ன ஆகும் என்று சொல்கிற பழமொழி அது. தொதொல் கொடுத்த பெண்ணின் வீட்டில் மாமா அதைச் சொல்லித்தான் ஜெயித்தார். மறந்துவிட்டார், பாவம். சித்தியை இழுத்துக்கொண்டு போகப் போகிறார்கள். நான் எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் திருக்குறள் ஒப்பிக்கிற மாதிரி, அதைச் சத்தமாகச் சொன்னேன்.

அம்மாவின் கை அப்படியே நின்றது. அடுப்படியில் ஏதோ பாத்திரம் விழுந்தது. மாமா என்னைப் பார்த்த பார்வையை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

சின்னப்பிள்ளை சொன்னதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று மாமா சொல்லிப் பார்த்தார். ஆனால் பெரியப்பா ஒழுங்கானவர். தோற்றாலும் முறைப்படி தோற்க வேண்டும் என்கிற ரகம்.

"அது எப்புடிங்க? உங்க பக்கத்துப் புள்ளதானே. சொன்னது சொன்னதுதான்."

சொல்லிவிட்டு அதற்குப் பதிலை யோசித்தார். வரவில்லை. கீழே குனிந்து எங்கேயோ சொறிந்துகொண்டார். அப்படியும் வரவில்லை. மாப்பிள்ளையின் முகம் ஈரத் துணி மாதிரி தொங்கிப்போனது. அவரை அன்றைக்குத்தான் முதல்முறையாக எனக்குப் பிடித்தது, அந்த முகத்துக்காக.

அப்போது மாமா யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். பெரியப்பாவுக்குப் பதிலாக அவரே என் பழமொழிக்குப் பதில் சொன்னார். அதாவது பெண் பக்கத்துப் பேச்சுக்காரர் மாப்பிள்ளை பக்கம் பேசினார். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. மாமா என்னைப் பரீட்சை செய்கிறார் என்று நினைத்தேன். உடனே அடுத்ததைச் சொன்னேன். அவர் ஒன்று சொன்னார். நான் அவர் முடிப்பதற்குள் இன்னொன்று சொன்னேன். எல்லாம் அவர் சரக்குதான். பெரியப்பா வாயைப் பிளந்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். நல்லதாக ஒன்று விழும்போது, எதிர்ப்பக்கம் என்பதை மறந்து தொடையில் தட்டினார். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் கையைத் தட்டிவிட்டேன்.

மாமாவுக்கு வேர்த்தது. துண்டால் முகத்தைத் துடைத்தார். இத்தனை வருடமாகக் கல்யாணத்தைத் தட்டிக்கழிக்கிற பழமொழிகளையே கூர்தீட்டி வைத்திருந்த மனிதர் அவர். சேர்த்துவைக்கிற பழமொழி அவரிடம் கொஞ்சம்தான் இருந்தது. அது தீர்ந்துபோனது. இந்த முறை அவர் உண்மையாகவே தோற்றார். என்னிடம் தோற்றார்.

பெரியப்பா பெருமூச்சு விட்டுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். எழுந்திருக்கப் போகிறார் என்று அர்த்தம். மாப்பிள்ளையின் அம்மா கைப்பையைத் தேடினார். நான் வாசலைப் பார்த்தேன். லயத்துப் பிள்ளைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எப்படி என்று புருவத்தைத் தூக்கிக் காட்டினேன்.

சித்தி அடுப்படியிலிருந்து வந்தாள். தட்டு மாற்றி முடியும்வரை பெண் வெளியே வரக் கூடாது. வந்துவிட்டாள். கையில் ஒரு உளுந்துவடை. சூடாக, எண்ணெய் வடிந்துகொண்டு. நேரே என்னிடம் வந்தாள், நான் வாயைத் திறந்ததும் அதை முழுசாக உள்ளே தள்ளினாள். பிறகு மாமாவின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, பேசினது போதும். எனக்கு இவரைப் புடிச்சிருக்கு. தட்டை மாத்துங்க."

இதற்கு என்ன பதில் என்று வாய் முழுக்க வடையோடு நான் யோசித்துப் பார்த்தேன். சித்தி பழமொழி சொல்லவில்லை, அதனால் பழமொழி சொல்லி அவளை மடக்கவும் வழியில்லை. அப்பா தொண்டையைச் செருமினார். பெண்பிள்ளை சபையில் வந்து இப்படிப் பேசலாமா என்று அவர் ஆரம்பிப்பதற்குள் மாப்பிள்ளையின் அம்மா முந்திக்கொண்டார்.

"இதை மொதல்லயே சொல்லியிருந்தா, நான் இந்த அட்டையையாவது பிடுங்கியிருப்பேனே தாயி. மரியாதைக்காக எவ்வளவு நேரந்தான் ஒக்காந்திருக்கிறது?"

புடவையைக் கொஞ்சம் தூக்கினார். கெண்டைக்காலில் திராட்சைப்பழம் மாதிரி ஒன்று தொங்கியது. அப்பா மறுபடி சுண்ணாம்பு டப்பாவோடு ஓடினார். எல்லாரும் சிரித்தார்கள், மாப்பிள்ளை மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தார். பெரியப்பாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். இதில் ஜெயித்தது யார், தோற்றது யார் என்று மாமாவிடம் நிஜமாகவே கேட்டார். முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

"நான்தாங்க தோத்தேன்" என்றார் மாமா. "ரெண்டு பொம்பளப்புள்ளைங்ககிட்ட."

தட்டு மாற்றினார்கள். நான் வடையை விழுங்கிவிட்டு, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்குப் போய் மழையில் உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் சேர்ந்து என்னை ஏமாற்றிவிட்டார்கள். மாமா வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தார் என்பது அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஏன் என்பதுதான் தெரியவில்லை. கிம்புலா பனிஸ் வாங்கிக் கொடுத்தார். வாங்கித் தின்றேன், பேசவில்லை. சித்தியின் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் ஆட்டோவில் முன்சீட்டில் உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் பேசினேன்.

சித்தி போன பிறகு மாமாவுக்குச் சோறு எங்கள் வீட்டிலிருந்து போனது. கொண்டுபோய்க் கொடுப்பது நான். அம்மா வைக்கும் குழம்பு சித்தி வைப்பதுபோல வராது. மாமா அதையே பிசைந்து சாப்பிடுவார். அதற்குப் பொருத்தமான பழமொழி ஒன்று எனக்குத் தெரியும், சொல்லிக் காட்டுவேன். சாப்பிடுறப்ப பேசக் கூடாது என்பார்.

நான் படித்து, தெரணியகலையில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குப் போன பிறகு என்னையும் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கொழும்பில் வேலை. முதல்நாள் போனில் பேசியபோதே, கல்யாணத்துக்குப் பிறகும் இப்படித்தான் வெட்டிப் பேசுவீர்களா என்று என்னைக் கேட்டிருந்தார். அதை நான் வீட்டில் சொன்னேன். அவர் கேட்டது நியாயம்தானே என்றார் அப்பா. அம்மா புடவை வாங்கிவிட்டாள். யாரிடமும் நான் வாய்ச்சண்டையில் தோற்றதில்லை. ஆனால் அம்மா அந்தப் புடவையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வேண்டாம் என்கிற சொல் என் வாயிலிருந்து வரவில்லை. அடுப்படியில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மாமாவுக்கு அப்போது முடி முழுக்க நரைத்திருந்தது. பேச்சுக்காரர் அவர்தான். வெளியே எல்லாரும் பாயில் உட்கார்ந்த பிறகு உள்ளே வந்து தண்ணீர் கேட்டார். மொண்டு கொடுத்தேன். கையில் வாங்கினார், குடிக்கவில்லை. வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சொல்லு. ஜெயிக்கவா, தோக்கவா?"

தொதொல் கொடுத்த பெண் ஞாபகத்துக்கு வந்தாள்.

"ஜெயிங்க மாமா" என்றேன்.

தம்ளரை அப்படியே என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். தேத்தண்ணி ஆறுவதற்குள் ஜெயித்துவிட்டார். யாருக்கும் மனவருத்தம் இல்லை. கொழும்புக்காரர்கள் வடை நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

தம்ளரில் தண்ணீர் ஒரு வாய்கூடக் குறையவில்லை. அந்தப் போயா நாளில் எங்கள் வீட்டுப் பாய்க்குப் பக்கத்திலேயே சொம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. மாமா அதைத் தாண்டித்தான் சித்தியிடம் தண்ணீர் கேட்கப் போனார். சுவரோரம் வசதியாக உட்கார்ந்து நானும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.